வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் ஸ்கூட்டர்களுக்குப் பொது சார்ஜிங் வசதி, சைக்கிள்களுக்கு நிறுத்துமிடம் என்று உங்கள் பக்கங்களில் அடிக்கடி செய்தி வருகிறது. எல்லாச் செய்தியிலும் ஒரு எண் தவறாமல் இருக்கும்: இத்தனை நூறு சார்ஜிங் பாயின்ட், இத்தனை ஆயிரம் வண்டிகளுக்கு இடம். கட்டடங்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். வேலைக்குப் போவது சைக்கிளில், கருவிப்பை கேரியரில். மகள் ஓட்டுவது மின் ஸ்கூட்டர். அதனாலோ என்னவோ, அந்த எண்ணைப் பார்த்து எனக்குத் திருப்தி வருவதில்லை. ஒரு வண்டி அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறது என்று யாராவது கேட்டார்களா என்றுதான் தோன்றுகிறது.

மருந்து வாங்கப் பத்து நிமிடம் நிறுத்தும் சைக்கிளுக்குக் கூரை வேண்டாம், காவலாள் வேண்டாம், சார்ஜிங் வேண்டவே வேண்டாம். கடை வாசலுக்குப் பக்கத்தில் பூட்டிவைக்க ஒரு நல்ல கம்பி இருந்தால் போதும். அந்தக் கம்பியைத் தெருக்கோடியில் நட்டால் யாரும் அங்கே போக மாட்டார்கள். விளக்குக் கம்பத்திலோ மரத்திலோ பூட்டிவிட்டுப் போவார்கள். வேலை பார்க்கும் இடத்தில் வண்டி எட்டு மணி நேரம் நிற்கிறது. அங்கே நிழல் வேண்டும், ஆள் நடமாட்டம் வேண்டும், சாக்கெட் இருந்தால் நல்லது. ரயில் நிலையத்தில் காலையில் விட்ட வண்டியை இரவில்தான் எடுப்பார்கள், சில சமயம் மறுநாள். அங்கே பூட்டு, காவல், கூரை மூன்றும் வேண்டும். வீட்டில் இரவு முழுவதும் நிற்கும். உண்மையில் சார்ஜ் ஏற வேண்டிய இடம் அதுதான். ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. ஒரே டெண்டரில் ஒரே மாதிரிப் பெட்டியை ஐந்நூறு வாங்கி, இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் நட்டு வைப்பது திட்டமிடுதல் ஆகாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெட்ரோல் பங்க் பழக்கம் என்று நினைக்கிறேன். எரிபொருள் தீர்ந்தால் ஓர் இடத்துக்குப் போக வேண்டும், வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. மின்சாரக் கார் வந்தபோதும் அப்படியே யோசித்தோம். நெடுந்தூரம் போகும் காருக்கு அது சரி. சிறிய வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நிற்கிற நேரத்தில் தானாக ஏறிக்கொள்ள வேண்டிய சரக்கு இது.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், என் தொழில் அது. மின் ஸ்கூட்டரின் பேட்டரி பெரும்பாலும் 2 முதல் 4 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர் தாராளமாக ஓடும். அதாவது நகரத்துக்குள் வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட் அளவில் போதும். வண்டியோடு தரும் சார்ஜர் முக்கால் கிலோவாட் அளவில் இழுக்கும். அந்த ஒரு யூனிட் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். மின் சைக்கிளுக்கு இன்னும் குறைவு. பேட்டரியே அரை யூனிட்தான், சார்ஜர் இழுப்பது நூறு, நூற்றைம்பது வாட்.

இப்போது அறுபது ஸ்கூட்டர் இரவில் நிற்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் 45 கிலோவாட் லோடு. கார்களுக்கான 50 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் அந்த அறுபது வண்டிக்கும் சேர்த்து ஓர் இரவுக்குத் தேவை அறுபது யூனிட்தான். எட்டு மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுத்தால் சராசரி ஏழரை கிலோவாட். நான்கு வாட்டர் ஹீட்டர் போட்டால் இழுப்பதுகூட அவ்வளவுதான். சாக்கெட்டுகளை நான்கைந்து குழுவாகப் பிரித்து, முறை வைத்து மின்சாரம் விடும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தால் தனி டிரான்ஸ்பார்மர் இல்லாமலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும். ‘சார்ஜிங் வசதி என்றால் பெரிய செலவு’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா தெரியவில்லை. அதே பணத்தைக் கடைத்தெரு முனையில் ஒரு வேகச் சார்ஜரில் கொட்டினால், பத்து நிமிடத்துக்கு வந்துபோகும் ஸ்கூட்டருக்கு அதனால் என்ன பயன்? பல ஸ்கூட்டர்களுக்கு அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும் திறனே கிடையாது.

வேகச் சார்ஜரில் இன்னொரு சிக்கல், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக். சாதாரணச் சாக்கெட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. அவரவர் சார்ஜரை அவரவர் கொண்டுவருகிறார்கள். ஆனால் சார்ஜர் திருடு போகும் என்ற பயம் நியாயமானது. அதற்குச் சாக்கெட்டைச் சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சார்ஜரையும் உள்ளே வைத்துப் பூட்டும்படி செய்யலாம். காற்றோட்டத்துக்குப் பெட்டியில் துளை இருக்க வேண்டும்; சார்ஜர் சூடாகும். பணம் கட்ட ஸ்மார்ட்போன் செயலி மட்டும்தான் வழி என்று வைத்துவிடாதீர்கள். சாதாரணப் போன் வைத்திருப்பவர்களும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள்.

சார்ஜிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சைக்கிளை மறந்துவிடுவோம், வழக்கம்போல. சைக்கிளுக்குத் தேவை மின்சாரம் இல்லை, பூட்டத் தோதான கம்பி. பல இடங்களில் முன் சக்கரத்தை மட்டும் செருகும் பள்ளங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். பூட்டு சக்கரத்தில்தான் விழும். ஒரு ஸ்பானர் இருந்தால் சக்கரத்தை விட்டுவிட்டு மீதி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணலாகிவிடும். பிரிட்டனில் ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் வழங்கும் ஒரு கம்பி உண்டு. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து நட்ட மாதிரி இருக்கும், உயரம் முக்கால் மீட்டர். சைக்கிளின் சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்தே பூட்டலாம், இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிள் சாயும். ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் விட வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒரு கார் நிறுத்தும் இடம் சுமார் ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். அதில் ஐந்து கம்பி நட்டால் பத்து சைக்கிள். ஸ்கூட்டர் என்றால் ஐந்து. ஒரு காருக்கான இடத்தை எடுத்தால் ஊர் கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

அடுக்கு முறையில், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தும் தட்டுகளில், இடம் மிச்சமாகும். ஆனால் மின் சைக்கிள் இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். அதை மேல் தட்டில் ஏற்ற என் வயதுக்காரரால் முடியாது, உயரம் குறைந்தவர்களாலும் முடியாது. கீழ்த்தட்டை அவர்களுக்கென்று ஒதுக்கினால்தான் அந்த முறை சரிவரும். சரக்குச் சைக்கிள், மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஆகியவற்றுக்கு நீளமும் அகலமும் கூடுதலாக வேண்டும். வரைபடத்தில் இவை பெரும்பாலும் இருப்பதே இல்லை. இன்னொன்று, தரை. ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் எடை. வெயிலில் இளகிய தாரில் அதன் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல இறங்கும், மாலையில் வந்து பார்த்தால் வண்டி படுத்துக் கிடக்கும். வண்டி நிற்கும் பகுதிக்கு மட்டுமாவது கான்கிரீட் போட வேண்டும்.

நீண்ட நேரம் நிற்கும் இடத்தை எப்படிச் செய்வது என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையம் நல்ல உதாரணம். 2019இல் முழுமையாகத் திறந்தார்கள். நிலையத்தை ஒட்டி மூன்று தளங்கள், 12,500 சைக்கிளுக்கு இடம். உள்ளே சைக்கிளை ஓட்டிக்கொண்டே போகலாம். எந்த வரிசையில் காலி இருக்கிறது என்று பலகை காட்டும். எனக்கு அந்த எண்ணைவிட அங்குள்ள கட்டண விதிதான் பிடித்தது. முதல் 24 மணி நேரம் இலவசம், அதற்கு மேல் பணம். தினமும் வந்துபோகிறவர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை; சைக்கிளைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர் கட்டுவார். ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்தின் முன் 2023இல் தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிளுக்கு இடம் கட்டினார்கள். தண்ணீருக்கு அடியில் கட்டுவதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பிளாட்பாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் சைக்கிளுக்கு இடம் கொடுக்க அவர்கள் எந்த அளவுக்குப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் ரயில் நிலைய வாசல்களில் குவிந்த சைக்கிள்களைச் சமாளிக்க 1980இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். விட்டுச்சென்ற வண்டியை அகற்றும் அதிகாரத்தோடு, நிறுத்துமிடம் கட்டும் பொறுப்பும் அதில் வந்தது. நமக்கு முதல் பாதி மட்டும் சுலபமாக ஞாபகம் வருகிறது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போக லாரி உடனே வந்துவிடுகிறது, கம்பி வருவதில்லை.

அடுத்து வீடு. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். தனி வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. வாசலில் ஒரு சாக்கெட் போட்டுக்கொள்வார். மாடியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி, மழைக்குப் பிளாஸ்டிக் பையும் கட்டியிருக்கும். அப்படி ஒரு வீட்டில் கழற்றிய பிளக் இன்னும் என் பையில் இருக்கிறது. ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கிறது. சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்துபோனால் அந்தச் சின்ன இடைவெளியில் சூடு பிறக்கும். அயர்ன் பாக்ஸை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் தெரியாது. ஸ்கூட்டர் நான்கு மணி நேரம் இழுக்கும், அதுவும் எல்லாரும் தூங்கும் நேரத்தில். லோடு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி இதற்கு விழாது, ஏனென்றால் லோடு சரியாகத்தான் இருக்கிறது, கெட்டது பிடிமானம். புது சாக்கெட் மாட்டச் சொன்னால் வீட்டு உரிமையாளரைக் கேட்க வேண்டும் என்பார்கள். உரிமையாளர் மீட்டரைக் காரணம் காட்டுவார்.

கீழே சார்ஜ் போட வழி இல்லாதவர்கள் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோகிறார்கள். தரமான பேட்டரி, அதோடு வந்த சார்ஜர் என்றால் பயப்பட வேண்டியதில்லை. பிரித்து ஒட்டிய பேட்டரி, கிடைத்த சார்ஜர் என்றால் வேறு கதை. நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்தன, 18 பேர் இறந்தார்கள். அந்த நகரம் அதே ஆண்டில், பாதுகாப்புச் சான்று இல்லாத பேட்டரியை விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2024இல் இன்னொன்றும் செய்தது: உணவு டெலிவரி செய்பவர்களுக்காகத் தெருவிலேயே பேட்டரி சார்ஜ் செய்யும் இடங்களைச் சோதனையாகத் தொடங்கியது. இந்த இரண்டாவது நடவடிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள் வைக்காதே என்று சொன்னால் வெளியே எங்கே என்றும் சொல்ல வேண்டும். வெளியே, திறந்த இடத்தில், இரும்புப் பெட்டிக்குள் ஒரு பேட்டரி எரிந்தால் நஷ்டத்தோடு போகும். மாடிப்படிக்கு அடியில் எரிந்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வழி இருக்காது.

ஆகவே, பொதுச் சார்ஜிங்குக்கு என்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு, மாடிக் குடியிருப்புகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. தெருவுக்கு இரண்டு கார் இடத்தை எடுத்து, கூரை போட்டு, பத்து ஸ்கூட்டர் இரவில் நிற்கும்படி செய்யலாம். கூரை மழைக்கு மட்டும் இல்லை. வெயிலில் வெந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டால் அதன் ஆயுள் குறையும். புதிய கட்டடங்களில் இது இன்னும் சுலபம். சுவர் எழும்பும்போதே குழாய் பதித்துவிட்டால் செலவு மிகக் குறைவு. பிற்பாடு உடைத்துப் போடுவதுதான் வலி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய கட்டட விதியில், மூன்று காருக்கு மேல் நிறுத்தும் புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கு இரண்டு சைக்கிள் இடம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. கார் இடத்துக்குக் கணக்கு வைத்திருக்கும் எந்தக் கட்டட விதியிலும் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்.

நாள் முழுவதும் வண்டியிலேயே இருக்கும் டெலிவரி ஆட்களுக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அவர்கள் வண்டி நிற்பதே இல்லை. தைவானில் 2015 முதல் கோகோரோ நிறுவனம் நடத்தும் முறை அவர்களுக்கு ஏற்றது: பெட்டியில் காலி பேட்டரியைச் செருகி, நிரம்பியதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் அந்தப் பேட்டரி பொருந்தும் வண்டி வைத்திருக்க வேண்டும். பொது இடத்தை ஒரே கம்பெனியின் பெட்டிக்குக் கொடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

வாடகை வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நின்றபடி ஓட்டும் வாடகை மின் ஸ்கூட்டர் வேண்டுமா என்று பாரிஸ் நகரம் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் முதல் அவை இல்லை. எட்டு சதவீதம் பேர்கூட வாக்களிக்க வரவில்லை என்பது வேறு விஷயம். வேகம், விபத்து என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் நடைபாதையில் குறுக்கே கிடக்கும் வண்டி, அதில் ஏறாதவர்களையும் தினமும் எரிச்சல்படுத்தும். பார்வையற்றவருக்கும் சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் அது எரிச்சலோடு முடிகிற விஷயமும் இல்லை. முதலில் இடம், அப்புறம் வண்டிக்கு உரிமம் என்று வரிசையை மாற்றிப் போட்டால் பாதிச் சண்டை குறையும்.

அந்த இடம் நடைபாதையிலிருந்து வரக் கூடாது, சாலையிலிருந்துதான் வர வேண்டும். பிரான்சில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மக்கள் சாலையைக் கடக்கும் கோட்டுக்கு முன்னால் ஐந்து மீட்டருக்குள் காருக்கு இடம் ஒதுக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றையும் 2026 முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். அங்கே கார் நின்றால் கடக்க வரும் குழந்தை, ஓட்டுநரின் கண்ணில் படாது. ஆனால் அதே இடத்தில் சைக்கிள் நிறுத்தலாம், தாழ்வாக இருப்பதால் பார்வையை மறைக்காது. புதிதாக நிலம் எதுவும் தேடாமலே தெருமுனைதோறும் பத்து சைக்கிளுக்கு இடம் கிடைக்கிறது.

கடைசியாக, என் தொழில் சார்ந்த சில வேண்டுகோள்கள். வெளியில் வைக்கும் சாக்கெட் இடுப்புயரத்தில் இருக்கட்டும், தண்ணீர் தேங்கினாலும் எட்டாது. நடைபாதையின் குறுக்கே வயர் போகாதபடி, வண்டி நிற்கும் பக்கத்திலேயே கம்பம் இருக்கட்டும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லிஆம்பியர் அளவில், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியாக வேண்டும். பத்து சாக்கெட்டுக்கும் சேர்த்து ஒன்று வைத்தால் யாரோ ஒருவருடைய கெட்ட சார்ஜரால் நள்ளிரவில் வரிசை முழுவதும் அணைந்துவிடும். காலையில் பத்துப் பேர் வேலைக்குத் தாமதம். அடுத்த வாரம் அந்தத் தொல்லை பொறுக்காமல் யாராவது ஆர்சிசிபியை நேர் இணைப்பாக்கிவிடுவார்கள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பல கட்டடங்களில் அப்படிச் செய்ததைக் கழற்றிச் சரிசெய்திருக்கிறேன். ஒரு கட்டடத்தில் திறப்பு விழாவுக்கு வைத்த ரிப்பன் கம்பத்திலேயே இருக்கிறது, எர்த் வயர் மட்டும் கம்பியோடு சேராமல் தொங்குகிறது.

ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதும்போது, அந்தப் பொத்தானை மாதம் ஒருமுறை யார் அழுத்துவது, தளர்ந்த சாக்கெட்டை எத்தனை நாளுக்குள் மாற்றுவது, புகார் சொல்ல எந்த எண் என்பதையும் எழுதிவிட்டு, அப்புறம் திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்கும்படி சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் தொழில் செய்யும் ஒரு வாசகர்